ஆப்பிரிக்காவில் தன்னார்வப் பணிக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவையில் மருத்துவக் கருவிகள் பழுது பார்ப்பவன். வட தான்சானியாவுக்கு இரண்டு முறை தன்னார்வலனாகப் போயிருக்கிறேன். 2016இல் ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டி, இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனேன். 2018இல் மறுபடி போய், பதினொரு மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் என் சொந்தத் தொழிலையே செய்தேன். முதல் பயணத்தால் பயனடைந்தது நான் ஒருவன்தான். இரண்டாவதால் அவர்களுக்கும் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. எனக்கு எழுதிக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வித்தியாசத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதனால் கேள்விகளையும் என் பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஆப்பிரிக்காவில் எந்த இடத்துக்குப் போவது நல்லது?

"ஆசியாவுக்குத் தொண்டு செய்யப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஊருக்கு என்றுதானே கேட்போம்? அங்கே இருப்பது 54 நாடுகள். கானா, கென்யா, உகாண்டா, மலாவி, ஜாம்பியாவில் ஆங்கிலம் ஓரளவு கைகொடுக்கும். செனகல், பெனின் பக்கம் பிரெஞ்சு வேண்டும், மொசாம்பிக்கில் போர்ச்சுகீஸ். தான்சானியாவில் சுவாஹிலி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. இந்தப் பக்கத்தில் நான் பெரும்பாலும் தான்சானியாவை வைத்துத்தான் பேசுகிறேன். மற்ற இடங்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று நீங்கள்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், இதனால் யாருக்கு நன்மை?

குறுகிய காலப் பயணம் என்றால், போகிறவருக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

என் முதல் பயணக் கதையைச் சொல்கிறேன். கிளிமாஞ்சாரோ அடிவாரத்தில் மோஷி என்ற ஊர். காலை ஆறு மணிக்கு மேகம் விலகினால் 5,895 மீட்டர் மலை முழுசாகத் தெரியும்; எட்டு மணிக்குள் மறுபடி மூடிக்கொள்ளும். ஊருக்கு வெளியே ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது, சுவாஹிலியும் தெரியாது. அதனாலென்ன என்று, கரும்பலகையில் ஒரு மனித உருவத்தை வரைந்து தலை, மூக்கு, முழங்கால் என்று ஆங்கிலத்தில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் ராகம் போட்டுத் திரும்பச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் ஒரு சிறுமியின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். அதே மனித உருவம், அதே பெயர்கள், வேறு வேறு தேதிகளில் நான்கு முறை. எனக்கு முன்னால் வந்த ஒவ்வொரு தன்னார்வலரும் அதையேதான் வரைந்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு முழங்காலின் ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். வகுப்பாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதால் அவருக்கு அந்த ஒரு மணி நேரம் மிச்சம். பள்ளிக்குக் கிடைத்த உருப்படியான நன்மை அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அங்கே தொடக்கப் பள்ளி சுவாஹிலி வழியில் நடக்கிறது. ஏழாம் வகுப்பு முடிந்து மேல்நிலைக்குப் போனதும் எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறும். அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்துவிட்டு இன்ஜினியரிங் கல்லூரி முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அதற்குத் தேவை, அந்தப் பாடத்திட்டம் தெரிந்து வருஷக்கணக்கில் கூட இருக்கும் ஆசிரியர். இரண்டு வாரத்துக்கு வந்து மூக்கு, முழங்கால் சொல்லிக்கொடுத்த என்னைப் போன்றவன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான்.

எனக்குக் கிடைத்தது என்ன என்றும் சொல்ல வேண்டும். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமூ" என்று வணங்க வேண்டும், அவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார்கள் என்பதை ஒரு ஆறு வயதுப் பையன் என்னைத் திருத்திச் சொல்லிக்கொடுத்தான். பேசாமல் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த ஊரில் என் தொழிலுக்கு எங்கே வேலை இருக்கிறது என்று கண்ணில் பட்டதும் அப்போதுதான். முதல் பயணம் இல்லையென்றால் இரண்டாவது இல்லை. அதனால் குறுகிய பயணமே கூடாது என்று நான் சொல்வதில்லை. அதைக் கற்கப் போகும் பயணம் என்று சொல்லுங்கள். தொண்டு என்ற பெயரை மட்டும் வைக்காதீர்கள்.

தொண்டு செய்ய நாமே பணம் கட்டுவதா?

இந்தக் கேள்வியைக் கேட்டு எல்லோருமே முகம் சுளிக்கிறார்கள். உங்கள் சாப்பாடு, தங்குமிடம், உங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் இதெல்லாம் யாரோ கொடுத்தாக வேண்டும். அதை அந்த ஊர்க்காரர் தலையில் கட்டுவதைவிட நீங்கள் கொடுப்பது நியாயம். கேட்க வேண்டியது, கொடுத்த பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போய்ச் சேருகிறது என்பது.

என் முதல் பயணத்துக்கு விமானம், விசா, ஏஜென்சி எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் ஆனது. கிளம்பும் முன் தலைமை ஆசிரியரிடம், ஏஜென்சி உங்களுக்கு என்ன தருகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு அலமாரியைக் காட்டினார். இரண்டு கால்பந்து, ஒரு பெட்டி சாக்பீஸ். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். நான் அளக்கவே இல்லை.

கடன் வாங்கிப் போகலாமா என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம்.

குழந்தைகள் இல்லத்தில் சேவை செய்ய ஆசை. எது நல்ல இல்லம்?

அனாதை இல்லத்துக்குக் குறுகிய காலத் தன்னார்வலராகப் போகாதீர்கள். மற்ற கேள்விகளுக்கு "பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லும் நான், இதில் மட்டும் நேராகவே மறுக்கிறேன்.

உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்கு அம்மாவோ அப்பாவோ உயிருடன் இருக்கிறார்கள் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009இலேயே எழுதியது. பிறகு ஏன் அங்கே இருக்கிறார்கள்? வறுமைதான் பெரிய காரணம். பள்ளிக்கூடம், மூன்று வேளை சாப்பாடு என்று சொல்லி வீட்டிலிருந்து கூட்டி வருகிறார்கள். குழந்தைகள் இருந்தால் வெளிநாட்டவர் வருவார்கள். வெளிநாட்டவர் வந்தால் நன்கொடை வரும். பயணிகள் நடமாட்டம் உள்ள ஊர்களைச் சுற்றியே இப்படிப்பட்ட இல்லங்கள் பெருகுவது இதனால்தான். அதாவது, உங்கள் அன்புதான் அங்கே முதலீடு.

அப்புறம் அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். மாதம் ஒரு புது அக்கா, அண்ணன் வருகிறார்கள். மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது கண்ணீர் விடுகிறார்கள். அடுத்த மாதம் வேறு ஒருவர். முன்பின் தெரியாத ஆள் வாசலில் இறங்கியதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து "எவ்வளவு பாசம்!" என்று நாம் உருகுகிறோம். உங்கள் வீட்டுக் குழந்தை தெருவில் போகும் எவரையும் அப்படிக் கட்டிக்கொண்டால் உங்களுக்குப் பயமாக இருக்காதா?

அரசுகளுக்கும் இது புரிந்துவிட்டது. கென்யா 2017இல் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் பத்தாண்டுத் திட்டத்தை 2022இல் தொடங்கியது. 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அந்த அடிமைத்தனத்தில் ஒரு வகையாக ஏற்றுக்கொண்டது. ஐ.நா. பொதுச்சபை 2019இல் ஒரு தீர்மானத்தில் இப்படி இல்லங்களுக்குத் தன்னார்வலராகப் போகும் சுற்றுலாவைப் பற்றிக் கவலை தெரிவித்தது.

குழந்தைகளோடு வேறு வகையில், ஒரு பள்ளியிலோ விளையாட்டுத் திட்டத்திலோ வேலை செய்யப் போனால், உங்களிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊரில் பாஸ்போர்ட் சேவா மூலமாக 500 ரூபாய்க்கு வாங்கிவிடலாம். கேட்காமலே உங்களைப் பிள்ளைகளிடம் விடுகிறவர்கள் மற்றவர்களையும் அப்படித்தான் விடுவார்கள்.

நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. இங்கே தொடவிடாத வேலையெல்லாம் அங்கே செய்யலாம் என்கிறார்களே?

விளம்பரத்தில் அப்படித்தான் இருக்கும்: பிரசவம் பார்க்கலாம், தையல் போடலாம். இங்கே செய்யத் தகுதியில்லாத வேலைக்கு விமானத்தில் ஏறி இறங்கியதும் தகுதி வந்துவிடுமா, தம்பி? தான்சானியாவிலும் மருத்துவர்களுக்குக் கவுன்சில் இருக்கிறது, செவிலியர்களுக்குக் கவுன்சில் இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஏழை நோயாளி கேள்வி கேட்கமாட்டார் என்பதுதான் அந்த விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் தைரியம்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு உகாண்டாவின் ஜின்ஜா ஊர்க் கதை ஒன்று போதும். மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண் அங்கே ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக ஒரு மையம் நடத்தினார். சில ஆண்டுகளில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். 2019இல் இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. அவர் தரப்பு தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு கடல் கடந்து வந்தார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார்.

மாணவராகப் போங்கள், மூத்த மருத்துவருக்குப் பின்னால் நின்று பாருங்கள். மலேரியாவையும் காசநோயையும் குறைந்த கருவிகளோடு கையாளும் அந்த ஊர் மருத்துவ அலுவலர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. படிப்பு முடித்து, அனுபவம் பெற்ற பிறகு, முறையாகப் பதிவு செய்துகொண்டு கைவையுங்கள்.

அப்படியானால் எந்த வேலைக்குத்தான் ஆள் தேவை?

அந்த ஊரில் கிடைக்காத, அவர்களே கேட்ட ஒரு திறமை உங்களிடம் இருந்தால் போங்கள். செங்கல் அடுக்கவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் அங்கே ஆள் பஞ்சம் இல்லை. தான்சானியாவுக்குப் பள்ளிப் பிள்ளையாகப் போய் நூலகம் கட்டிய ஓர் அமெரிக்கப் பெண் 2014இல் எழுதியது பலருக்கு நினைவிருக்கலாம். பகலில் இவர்கள் கோணலாக அடுக்கிய செங்கல்லை இரவில் உள்ளூர்க் கொத்தனார்கள் பிரித்து நேராக்கி வைப்பார்களாம், பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று.

என் இரண்டாவது பயணம் வந்தது ஒரு கடிதத்தால். முதல் முறை போனபோது பழக்கமான ஒரு மருத்துவமனை நிர்வாகி, "ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் தரும் பெட்டி அது. கோவிட் சமயத்தில் நம் எல்லோருக்குமே அந்தப் பெயர் பழகிவிட்டது.

போய்ப் பார்த்தால் ஸ்டோர் ரூமில் பதினான்கு பெட்டிகள், தூசி மூடி. எல்லாம் நன்கொடை. ஐந்து பெட்டிகள் அமெரிக்காவுக்காகச் செய்தவை: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தான்சானியாவில் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். யாரோ பிளக்கை மட்டும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள், போர்டு கருகிவிட்டது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் வோல்ட்தான் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். நல்ல மனசோடு கப்பலேற்றிய ஐந்து பெட்டிகள் அங்கே வெறும் இரும்பு.

மீதி ஒன்பதில் நான்கு, ஃபில்டரைக் கழுவியதும் ஓட ஆரம்பித்தன. அவ்வளவுதான், செம்மண் தூசி அடைத்திருந்தது. இரண்டில், உள்ளே இருந்து நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சல்லடைப் பொருள் ஈரம் குடித்து வீணாகிவிட்டது. 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாத ஆக்சிஜன் அறுபத்து சொச்சம் காட்டியது. மிச்சம் மூன்றில் வால்வு கசிவு.

அந்த மருத்துவமனையில் ஏற்கெனவே ஒரு 'ஃபுண்டி' இருந்தார். எந்த வேலையானாலும் கைவேலைக்காரரை அங்கே ஃபுண்டி என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எல்லாம் அவர் ஒருவர் கையில். கசிவு எங்கே என்று நான் மீட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சோப்பு நுரையைத் தடவிக் கண்டுபிடித்தார். சைக்கிள் டியூபை வெட்டி கேஸ்கெட் செய்து போட்டார். என்னிடம் ஒரு மாற்று வால்வு இருந்தது. அவரிடம் அது தீர்ந்த பிறகும் வேலை ஓட ஒரு வழி இருந்தது.

பதினொரு மாதத்தில் நான் செய்ததிலேயே பயனுள்ள வேலை எது என்று கேட்டால், ஒரு தாளைச் சொல்வேன். வார்டுத் தலைமை நர்ஸ் தன் கையெழுத்தில் சுவாஹிலியில் எழுதி ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒட்டினார்: "இஜுமா: ஓஷா சுஜியோ." வெள்ளிக்கிழமை, வடிகட்டியைக் கழுவு. அதை நான் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியபோது மூன்று வாரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணக்கு எழுதுவது, தண்ணீர்க் குழாய்ப் பொறியியல், சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி, கம்ப்யூட்டர் நெட்வொர்க் இப்படி எதுவாகவும் இருக்கலாம். "இங்கே என் கைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளூரில் யாரும் சம்பளம் கொடுக்கமாட்டாத வேலையை அங்கே போய் இலவசமாகக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

குறைந்தது எத்தனை நாள் இருக்க வேண்டும்?

வேலையைப் பொறுத்தது. கண்புரை அறுவை செய்யும் தேர்ந்த டாக்டர் பத்து நாளில் பெரிய காரியம் செய்யலாம், பின்னால் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் குழு இருந்தால். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்குக் கீழே கஷ்டம். எனக்கு முதல் இரண்டு மாதம் ஸ்குருடிரைவர் எங்கே இருக்கிறது என்று சுவாஹிலியில் கேட்கவே போய்விட்டது.

உள்ளூர்க்காரர் வேலையைப் பறித்துவிடுவோமா?

ஆமாம், அது நடக்கும். இலவசமாக ஒருவர் கிடைக்கும்போது பள்ளி ஏன் உதவி ஆசிரியரை நியமிக்கப் போகிறது? நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு அந்த ஊரிலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் விமானக் கட்டணத்தை அவர் சம்பளமாக்கச் சொல்லுங்கள்.

பழைய துணி, பொம்மை, நோட்டுப் புத்தகம் கொண்டுபோகலாமா?

துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்குமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்து மழையில் நனைந்தன. வீட்டையும் ஆளையும் இழந்த மீனவக் குடும்பங்கள், அடுத்தவர் உடுத்துக் கழித்ததைத் தொட மறுத்தன. நாம் வாங்கும் இடத்தில் இருந்தபோது நமக்கு என்ன தோன்றியதோ, அதுவேதான் அங்கேயும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பழந்துணிக்கு 'மிதும்பா' என்று பெயர். மூட்டை மூட்டையாக மேலை நாடுகளிலிருந்து வந்து இறங்கும். அதை நம்பிப் பிழைக்கும் வியாபாரிகளும் ஏராளம், அதனால் நசிந்த உள்ளூர் நெசவும் தையலும் உண்டு. இதை நிறுத்த அந்தப் பகுதி நாடுகள் 2016இல் கூடி முடிவெடுத்தன. அமெரிக்கா வர்த்தகச் சலுகையில் கைவைப்போம் என்றதும் மற்றவை பின்வாங்கின. ருவாண்டா மட்டும் நின்றது, 2018இல் துணிகளுக்கான வரிச்சலுகையை இழந்தது. சூட்கேஸில் நாலு சட்டை எடுத்துப்போவது இந்தச் சண்டைக்குள் வராதுதான். ஆனாலும் மோஷி சந்தையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்தால் இரண்டு வீட்டில் அடுப்பு எரியும். நோட்டும் பேனாவும் அங்கேயே விற்கிறது, அங்கேயே வாங்குங்கள்.

பிளாஸ்டிக் கேரி பேக்கும் எடுத்துப்போகாதீர்கள். தான்சானியாவில் 2019 ஜூன் முதல் தடை, கென்யாவில் 2017 முதல்.

நாம் வெள்ளைக்காரர்கள் இல்லையே. ஏழைகளைக் காப்பாற்ற வந்த "மீட்பர்" போல நடக்கிறார்கள் என்று வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் மீது சொல்லும் குற்றச்சாட்டு நமக்குப் பொருந்துமா?

நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். நாமும் ஆளப்பட்டவர்கள், நாமும் கறுப்பு, நம்மை அண்ணன் தம்பியாகப் பார்ப்பார்கள் என்று. மோஷி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "முஹிந்தி!" என்றார்கள். இந்தியன். அந்தச் சொல்லுக்குள் நூறு வருஷத்து வரலாறு இருக்கிறது. ஊரில் பெரிய கடைகள் குஜராத்தி வம்சாவளியினர் கையில் இருந்தன. கடைக்கு அங்கே 'டுகா' என்று பெயர்; அதற்கும் நம் பக்கத்து துக்கானுக்கும் ஒரே வேர்தான். முதலாளி என்றால் முஹிந்தி என்று பல வீடுகளில் மனப்பதிவு உண்டு. நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டார்: "உனக்கு இங்கே எத்தனை கடை?"

அதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்றும் வந்தது. 2016 ஜனவரியில் பெங்களூரில் ஒரு தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கியது. நான் முதல் முறை போனது அதே வருஷம். டீக்கடையில் ஒருவர், "நீ எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாய். எங்கள் பிள்ளைகள் உன் ஊருக்கு வந்தால் என்ன ஆகிறது?" என்றார். என்ன பதில் சொல்வது? சிவப்பழகுக் கிரீம் விற்கும் ஊரிலிருந்து போகிறோம். நம் பேச்சிலேயே "ஆப்பிரிக்கா மாதிரி இருக்கிறது" என்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறோம்? போகும் முன் அதை நாமே கொஞ்சம் கேட்டுக்கொள்வது நல்லது.

மறுபக்கம், மகாத்மா காந்தி பெயரில் நம் அரசு தரும் அமைதிப் பரிசை 1995இல் முதன்முதலாகப் பெற்றவர் தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே என்று சொன்னபோது அதே டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஆசிரியர் என்ற பொருளில் அவரை அங்கே இன்றும் 'முவலிமு' என்றுதான் சொல்கிறார்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய்தால் பிடிப்பார்களா?

பிடிக்கலாம், அபராதம் போடலாம், திருப்பி அனுப்பலாம். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். தான்சானியாவில் தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்பு வசிப்பு அனுமதி இருக்கிறது. கென்யாவில் தொண்டுப் பணிக்கு 'ஐ' வகுப்பு. உங்களை அழைக்கும் அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும். "டூரிஸ்ட் விசா போதும், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று ஏஜென்சி சொன்னால், மற்ற விஷயங்களிலும் அவர்கள் அப்படித்தான்.

ஊசி, மாத்திரை, காய்ச்சல்?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே போங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள்.

மலேரியா விஷயத்தில் "எனக்கு நம்ம ஊர்க் கொசு பழக்கம்" என்று வீரம் பேசாதீர்கள். உலகில் மலேரியாவால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில்தான் இறக்கிறார்கள். அங்கே அதிகம் இருப்பது உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் வகை. டாக்டரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். பாதிப் பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஊர் வந்த பிறகு காய்ச்சல் என்றால், எங்கே போய்வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிங்கத்துக்குப் பயப்படுகிறவர்கள் 'போடா போடா'வுக்குப் பயப்படுவதில்லை. அது பைக் டாக்ஸி. ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். நான் பார்த்த தன்னார்வலர்களில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் முக்கால்வாசி அதிலிருந்து விழுந்தவர்கள். அவசரத்தில் விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கும் இன்ஷூரன்ஸா என்றும் பாருங்கள்.

சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கவலையே வேண்டாம். மக்காச்சோளக் களி 'உகாலி', பீன்ஸ் குழம்பு, 'ம்சிசா' என்ற கீரை. முதல் வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம் முளைக்கீரையேதான். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான். கிளிமாஞ்சாரோ பக்கம் வாழைக்காயில் சமைப்பதை நம் வீட்டில்கூட அத்தனை விதமாகச் செய்வதில்லை. புளி மட்டும் கையோடு எடுத்துப் போனேன், அதுவும் வீண், சந்தையில் கிடைத்தது.

குழந்தைகளோடு போட்டோ எடுத்துப் போடலாமா?

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, அவனைத் தூக்கி வைத்துப் படமெடுத்து, "ஏழைதான், ஆனால் எவ்வளவு சிரிப்பு!" என்று எழுதிப் போட்டால் என்ன செய்வீர்களோ, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி கட்டணம் இல்லாமல் போக வழி உண்டா?

உண்டு, ஆனால் தகுதி கேட்பார்கள். ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம் உள்ள ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் தொடங்கியது. மாதப் படி தருகிறது. பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அனுபவமுள்ளவர்களை மற்ற நாடுகளிலிருந்தும் எடுக்கிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமல்லாமல் கணக்காளர், மெக்கானிக்கையும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சம்பளத்துக்கு எடுக்கிறது. அமெரிக்காவின் பீஸ் கோர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்.

போகாமலே செய்வதையும் யோசியுங்கள். ஐ.நா. திட்டத்தில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் செய்யும் பணிகள் உண்டு: மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, கணக்கு.

ரெஸ்யூமேயில் போட உதவுமா?

கொஞ்சம் உதவும். "ஆப்பிரிக்காவில் இரண்டு வாரம்" என்பதைப் பார்த்தால் நேர்காணலில் உட்கார்ந்திருப்பவருக்கும் இப்போதெல்லாம் புரிந்துவிடுகிறது.

பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

இந்த வேலை வேண்டும் என்று அந்த ஊரில் கேட்டது யார், அவர் பெயரும் பதவியும் என்ன? அவரோடு நேராகப் போனில் பேச முடியுமா? எனக்கு மேலாளர் உள்ளூர்க்காரரா? எனக்கு முன்னால் இருந்தவர் என்ன செய்தார், அது இப்போது ஓடுகிறதா? நான் வராவிட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது, அடுத்த ஆள் வருவார்" என்று பதில் வந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு கிளிமாஞ்சாரோ பார்க்கப் போங்கள். சுற்றுலாப் பயணியாகப் போவது ஒன்றும் பாவமில்லை. வழிகாட்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் நியாயமான கூலி கொடுக்கும் நிறுவனமாகப் பார்த்துப் போங்கள், அதுவே அந்த ஊருக்கு நல்லது.

நீங்கள் மறுபடி போவீர்களா?

கேட்டால் போவேன். ஃபுண்டி அவ்வப்போது வாட்ஸப்பில் வருவார். முதலில் என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார், அப்புறம்தான் விஷயம். ஒன்பதில் ஆறு பெட்டி இன்னும் ஓடுகிறது என்றார். போன மாதம் ஒரு கருகிய வால்வின் படத்தை அனுப்பி, இதே அளவு கோவையில் கிடைக்குமா என்றார். அடுத்து நானே வந்து மாட்டித்தரட்டுமா என்று கேட்டேன். "எதற்கு அவ்வளவு செலவு? வால்வை மட்டும் அனுப்பு" என்று பதில் வந்தது. மூன்றாக வாங்கி கூரியரில் போட்டிருக்கிறேன்.